வந்தவரும் இருந்தவரும்

ஒரு வீட்டில் இருவர் ஓயாது பூசலிட்டால், ‘நாயும் பூனையும்போல இருக்கிறார்கள்’ என்று சொல்வது தமிழர் வழக்கம். இவ்விரு பிராணிகளும் பிறவிப் பகைவர் என்னும் எண்ணம் அவ்வளவு ஆழமாக நம் மனத்தில் வேரூன்றியுள்ளது. சென்ற ஆண்டு ஆடி மாதம் வரையில் நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். அதன்பின் நம் இல்லத்தில் நிகழ்ந்தவற்றை அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நாம் செய்த பிழையையும் மறையாது கூறுவோம். அதைப் படித்து ஓர் இல்லத்தாரேனும் அப்பிழையைத் தவிர்ப்பாராயின் மகிழ்வோம்.

நாம் கார்டன் ரீச்சிலுள்ள தென்கிழக்கு ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தா. நம் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. தந்தையார் பணியில் இருக்கும்போதே காலமானமையால், கருணை அடிப்படையில் கடைநிலை ஊழியராய்ச் சேர்ந்து, பின்னர்த் துறைத் தேர்வெழுதி இந்நிலையை அடைந்தோம். குடியிருப்பது அலிப்பூரில், ஆதிகங்கைக் கால்வாயை அடுத்த சந்தொன்றில், ஒரு பழைய வீட்டின் பின்கட்டு. விடியற்காலையில், மோட்டார்களின் இரைச்சல் எழுமுன், மிருகக்காட்சிச் சாலையிலிருந்து சிங்கத்தின் கர்ச்சனை சில நாள் காதில் விழும். 1876ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அச்சாலை இன்றும் அலிப்பூரின் அடையாளமாய் விளங்குகிறது.

இல்லத்தில் நம் அன்னையார், மனைவி, பதினொரு வயது மகள் ஆகியோருடன் இரண்டு பூனைகளும் உண்டு. மூத்தவள் மீனாட்சி, சாம்பல் நிறத்தவள். பன்னிரண்டு ஆண்டுகட்கு முன், தந்தையாரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மாலையில், கைப்பிடியளவு குட்டியாய்ப் பின்வாசற்படியில் வந்து நின்றவள். அதுவரை எதையும் சரியாக உண்ணாதிருந்த அன்னையார், அக்குட்டிக்குப் பால் வைப்பதற்காக எழுந்தார். மீந்த பாலைத் தாமும் அருந்தினார். அன்று முதல் மீனாட்சி அவர் காலடியை விட்டு அகன்றதில்லை. இளையவள் புஷி, வீட்டுக்கார அம்மையாரின் பூனை ஈன்ற குட்டி. வங்காளிகள் பூனையைச் செல்லமாய் அழைக்கும் பெயரே அவளுக்கும் அமைந்தது.

வீட்டுக்கார அம்மையாரை நாங்கள் அனைவரும் ‘மாஸிமா’ என்றே அழைப்போம். பூனையை அடிப்பது அவருக்குப் பெரும்பாவம். மக்கட்பேற்றை அருளும் சஷ்டி தேவிக்கு வங்க நாட்டில் பூனையே வாகனம். ஓர் இல்லத்தின் கடைசி மருமகள், தான் திருடித் தின்ற பண்டத்தின் பழியைப் பூனைமேற் போட்டாளாம். அதனாற் சினந்த பூனை அவள் பெற்ற குழந்தைகளை ஒவ்வொன்றாய்க் கவர்ந்து தேவியிடம் சேர்த்ததாம். அவள் குற்றத்தை ஒப்பிய பின்னரே குழந்தைகள் திரும்பக் கிடைத்தனராம். சஷ்டி விரதத்தன்று கூறப்படும் இக்கதையை மாஸிமா ஆண்டுதோறும் நம் மகளுக்குச் சொல்வார். அன்னையாரோ, “எங்கள் ஊரில் பைரவருக்கு நாய் வாகனம்” என்பார். வாகனங்கள் இரண்டும் ஒரே வீட்டில் வந்து சேரும் என்று அப்போது யாரும் எதிர்பார்க்கவில்லை.

ஆடி மாதத்து மழைநாளொன்றில் மகள் பள்ளியிலிருந்து நனைந்து வந்தாள். அவளுடைய புத்தகப் பைக்குள் ஒரு கறுப்பு நாய்க்குட்டி இருந்தது. தாய்நாய் சாலையில் வண்டி மோதி இறந்துவிட்டதாம். பாற்பற்களைக் கொண்டு பார்த்தால் ஏழு வாரத்துக் குட்டி எனலாம். குளிரில் அதன் உடல் நடுங்கிக்கொண்டிருந்தது.

“ஆச்சி, இதை வெளியில் விட்டால் செத்துப்போகும்” என்று அழுதாள் மகள்.

அன்னையார் குட்டியின் தலையைத் துவட்டினார். பிறகு நம்மைப் பார்த்து, “பாவந்தான் ஐயா. ஆனால் இது மீனாட்சி இருக்கிற வீடு. அவளுக்கும் வயதாகிவிட்டது” என்றார்.

“இரண்டு நாளில் பழகிவிடும் அம்மா” என்றோம் நாம். ஒன்றும் அறியாதவன் கூறும் உறுதிமொழிக்கு நம் சொல்லே சான்று.

அன்று மாலையே அப்பழக்கத்தை உண்டாக்கிவிட எண்ணினோம். குட்டியைக் கூடத்தின் நடுவே விட்டு, உறங்கிக்கொண்டிருந்த மீனாட்சியைத் தூக்கி வந்து, முகத்துக்கு முகம் நேராகப் பிடித்தோம். குட்டி வாலை ஆட்டிக்கொண்டு குரைத்துத் தாவியது. மறுகணம் மீனாட்சியின் நகங்கள் நம் முன்கையில் ஆழப் பதிந்தன. அவள் நம் பிடியிலிருந்து துள்ளி, சன்னற்கம்பிகளினூடே பாய்ந்து, மதிலேறி, மழையில் மறைந்தாள். புஷி பரண்மேல் ஏறிக்கொண்டு மறுநாள் வரை இறங்கவில்லை.

கைப்புண்ணை ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவினோம். மறுநாட் காலையில் மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசியும் போட்டுக்கொண்டோம். நாய் பூனை கடித்தாலும் கீறினாலும் இவ்விரண்டையும் தாமதமின்றிச் செய்தல் வேண்டும். வெறிநாய்க்கடி நோய் பூனையாலும் பரவும். நோய்க்குறி தோன்றிய பின்னர் உயிர் பிழைத்தல் மிக அரிது. மஞ்சளோ சுண்ணாம்போ பூசிவிட்டு வாளாவிருப்பது பேராபத்து.

நம் கைப்புண் ஆறத் தொடங்கியது. ஆனால் மீனாட்சி வரவில்லை. முதல் இரவு, இரண்டாம் இரவு, மூன்றாம் இரவும் கழிந்தது. அன்னையார் நம்மைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. சோற்றின் முன் அமர்வார். இரண்டு கவளத்தோடு எழுந்துவிடுவார். “பசியில்லை” என்பார். பன்னிரண்டு ஆண்டுகட்கு முன் கேட்ட அதே குரல். மகள் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, “அப்பா, நான் செய்தது தப்பா?” என்று கேட்டாள். தப்பு அவளுடையதன்று என்று நாம் அறிவோம்.

நான்காம் நாட் காலையில் மாஸிமா வந்து, பழைய வண்டிக் கொட்டகையின் கூரைமேல் மீனாட்சி படுத்திருப்பதாகச் சொன்னார். நாம் ஏணியோடு புறப்பட்டோம். அன்னையார் தடுத்துவிட்டார். தூத்துக்குடியிலிருந்து உறவினர் கொண்டுவந்திருந்த நெத்திலிக் கருவாட்டில் ஒரு பிடி எடுத்து வறுத்து, தட்டில் வைத்துக் கொட்டகையடியில் அமர்ந்தார். அவர் அழைக்கவில்லை, அண்ணாந்து பார்க்கவுமில்லை. ஒரு மணி நேரத்திற்குப் பின் மீனாட்சி தானாகவே இறங்கி வந்தாள்.

அன்று மாலை குட்டியை எடுத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் சென்றோம். பிராணிகள்பால் இரக்கம் காட்டுவதில் இந்நகரம் முன்னோடி. டல்ஹவுசிச் சதுக்கத்துப் பக்கம் செல்லும் அன்பர்கள், கோல்ஸ்வொர்தி கிராண்ட் என்னும் ஓவியரின் நினைவுத்தூணைக் கண்டிருக்கலாம். பிராணிவதைத் தடுப்புச் சங்கத்தை 1861ஆம் ஆண்டில் கல்கத்தாவில் நிறுவியவர் அவர். ஆயினும் இரக்கம் மட்டும் போதாது, முறையும் தெரிய வேண்டும் என்பதை வைத்தியர் சொல்லித்தான் உணர்ந்தோம். “குட்டிக்கு ஊசி போடுவது என் வேலை. அவசரப்படாமல் இருப்பது உங்கள் வேலை” என்றார் அவர். பூச்சி மருந்தும், பருவத்துக்குரிய தடுப்பூசியும் தந்து, மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசிக்கு வரச் சொன்னார். பூனைகளுக்கும் ஆண்டு ஊசி தவறலாகாது என்றார்.

அதன்பின் விடுமுறை நாட்களில் தேசிய நூலகத்தின் படிப்பறையில் அமர்ந்து, அகராதியைத் துணைக்கொண்டு இப்பொருள்பற்றிப் படிக்கலானோம். 1953ஆம் ஆண்டில் பெல்வெடேர் மாளிகையில் பொதுமக்களுக்குத் திறக்கப்பெற்ற இந்நூலகத்தில்தான் வையாபுரிப் பிள்ளையவர்களின் நூற்சேகரமும் இருக்கிறது. அலிப்பூருக்கு வரும் தமிழன்பர்கள் மிருகக்காட்சிச் சாலையோடு திரும்பிவிடாது எதிரிலுள்ள இந்நூலகத்தையும் காண வேண்டுகிறோம்.

பிறவிப்பகை என்பது உண்மையா என்பதே நம் முதல் ஐயம். ஸிங்-யாங் குவோ என்னும் சீன அறிஞர் 1930ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இதற்கு விடை தருகிறது. அவர் பூனைக்குட்டிகளை மூவகையாய்ப் பிரித்து வளர்த்தார். எலி பிடிக்கும் தாயோடு வளர்ந்த 21 குட்டிகளுள் 18 எலியைக் கொன்றன. தனித்து வளர்ந்த 20இல் 9 கொன்றன. எலியோடு ஒரே கூண்டில் வளர்ந்த 18இல் 3 மட்டுமே கொன்றன. எலிக்கும் பூனைக்குமே வளர்ப்பினால் இத்துணை வேறுபாடு உண்டாகுமாயின், நாய்க்கும் பூனைக்கும் உண்டாகாதா?

பழகுவதற்கு உரிய பருவமும் உண்டு. நாய்க்குட்டிக்கு அது ஏறத்தாழ மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை என்று ஸ்காட், ஃபுல்லர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1965ஆம் ஆண்டு நூலில் நிறுவினர். பூனைக்குட்டிக்கு அப்பருவம் இன்னும் முந்தியது. இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை. இஸ்ரேல் நாட்டு டெல் அவிவ் பல்கலைக்கழகத்தார் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, நாயும் பூனையும் சேர்ந்து வாழும் இல்லங்களைப் பற்றியது. இளமையில் சேர்த்தால் இணக்கம் எளிது என்றும், பூனை முன்னரே இருக்க நாய் பின்னர் வருவது நன்று என்றும் அவர்கள் கண்டனர். நம் குட்டி ஏழு வாரத்தது. பூனைகளோ முன்பே இருப்பவை. இது ஆறுதலளித்தது. ஆனால் மீனாட்சிக்கு வயது பன்னிரண்டு என்பதை மறத்தற்கில்லை.

அமெரிக்காவின் சான் டியேகோ மிருகக்காட்சிச் சாலையார் 1980ஆம் ஆண்டுகளிலிருந்து கையாண்டுவரும் முறை ஒன்றும் வியப்பூட்டியது. ஓட்டத்தில் இணையற்ற சிவிங்கிப்புலி, இயல்பில் அச்சம் மிகுந்தது. எனவே அதன் குட்டிக்குத் தோழனாய் ஒரு நாயை வளர்க்கிறார்கள். நாய் அஞ்சாதிருப்பதைக் கண்டு சிவிங்கியும் அமைதியுறுகிறதாம். அங்கும் எடுத்த எடுப்பில் இரண்டையும் ஒன்றாய் விடுவதில்லை. முதலில் வேலிக்கு இருபுறமும் இருந்து ஒன்றையொன்று பார்த்துப் பழகவே விடுகிறார்கள்.

பூசலுக்கு மொழி வேற்றுமையும் ஒரு காரணம். நாய் பெரும்பாலும் மகிழ்ச்சியால் வாலை ஆட்டும். பூனை வாலை இப்படியும் அப்படியும் வீசினால் சினக்குறி. நாய் முன்காலைத் தூக்கினால் விளையாட்டுக்கு அழைப்பு. பூனை தூக்கினால் அறையப்போகிறது என்று பொருள். ‘விளையாட வா’ என்று நம் குட்டி சொன்னதை, ‘சண்டைக்கு வா’ என்று மீனாட்சி பொருள்கொண்டிருக்கிறாள். வேற்றூரில் வேற்றுமொழிக்காரரிடையே வாழும் நமக்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

இவற்றையெல்லாம் அறிந்தபின் நாம் மேற்கொண்ட முறை வருமாறு:

முதலாவது, குட்டியைப் பின் தாழ்வாரத்து அறையில் தனியே வைத்தோம். வீட்டின் ஏனைய பகுதி முழுவதும் பூனைகளுக்கே. வந்தவனுக்காக இருந்தவர்களின் இடத்தில் ஓரடியும் குறைக்கவில்லை. இவ்வாறு பத்து நாள் கழிந்தது.

இரண்டாவது, முகம் பார்க்குமுன் மணம் பழக வேண்டும். அன்னையாரின் பழைய சேலையொன்றை இரண்டாய்க் கிழித்து, ஒரு துண்டைக் குட்டியின் படுக்கையிலும் மற்றதை மீனாட்சியின் படுக்கையிலும் இட்டோம். இரண்டு நாளுக்கொரு முறை அவற்றை மாற்றி வைத்தோம். முதல் நாள் மீனாட்சி அத்துணியைப் பார்த்துச் சீறினாள். ஆறாம் நாள் அதன் மேலேயே படுத்தாள்.

மூன்றாவது, மூடிய கதவின் இருபுறமும் ஒரே நேரத்தில் உணவிட்டோம். தட்டுகள் முதலில் கதவிலிருந்து எட்டடி தள்ளி. பின்னர் நாள்தோறும் சிறிது நெருக்கி. யாரேனும் உண்ணாது நிறுத்தினால், மறுநாள் தட்டைப் பின்னுக்கு இழுத்துவிடுவோம். அயலானின் மணம் வரும்போதெல்லாம் வயிறும் நிறைகிறது என்று அவை அறிதல் வேண்டும்.

நான்காவது, கதவைத் திறந்து, அதன் இடத்தில் கம்பித் தட்டியொன்றை நிறுத்திப் பார்க்கவிட்டோம். அதன்பின் குட்டியை மாலையில் நன்றாக விளையாட வைத்துக் களைப்படையச் செய்து, கழுத்தில் வாரிட்டு, ஒருவர் கையில் பிடித்துக்கொண்டு கூடத்தில் அமர்த்தினோம். முதலில் ஐந்து நிமிடமே. பூனையை ஒருவரும் தூக்கவில்லை, பிடிக்கவில்லை. வருவதும் போவதும் அவள் விருப்பம். ஏறி அமரப் பரணும் அலமாரியின் தலைப்பும் எப்போதும் ஒழிவாய் இருந்தன. குட்டி அவளைப் பாராது நம்மைப் பார்த்தால் அவனுக்கு ஒரு துண்டு இறைச்சி பரிசு. துரத்த முயன்றால் அன்றைய சந்திப்பு முடிந்தது. அடித்தல் அறவே கூடாது. அடிபட்ட குட்டி, பூனை வந்தால் அடி விழும் என்றே கற்கும்.

உணவைப்பற்றியும் ஒரு சொல். பூனையின் தட்டும் மணற்பெட்டியும் நாய்க்கு எட்டாத இடத்தில் இருத்தல் நலம். இருவருக்கும் ஒரே சோறு போடுவதும் தவறு. டாரின் என்னும் சத்து இறைச்சியிலும் மீனிலும் உள்ளது. பூனையின் உடல் அதைப் போதிய அளவு ஆக்கிக்கொள்ளாது. அது குறைந்தால் பூனையின் பார்வை கெடும் என்று 1975ஆம் ஆண்டிலும், இதயம் நலியும் என்று 1987ஆம் ஆண்டிலும் கண்டறிந்தனர். ஆகவே பாலும் சோறுமே பூனைக்குப் போதும் என்று எண்ணற்க. வெங்காயமும் பூண்டும் இரு பிராணிகளுக்கும் நஞ்சு. மீந்த சாம்பார்ச் சோற்றை இடுதல் ஆகாது. திராட்சை, உலர்ந்ததாயினும், நாய்க்கு ஆகாது. இதை அடுக்களைச் சுவரில் மகள் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினாள்.

புஷி ஒரு மாதத்தில் இணங்கினாள். இப்போது கருப்பனின் வாலைப் பிடித்து இழுப்பதே அவள் தொழில். மீனாட்சி அவ்வாறில்லை. புரட்டாசி போயிற்று; கார்த்திகையும் போயிற்று. குட்டி உள்ளே வந்தால் அவள் பரணுக்கு ஏறிவிடுவாள். நமக்குப் பொறுமை குறைந்தது. ஒரு நாள் அன்னையாரிடம், “இன்னும் எத்தனை நாள் அம்மா?” என்று கேட்டுவிட்டோம்.

அன்னையார் சிரித்தார். “1985இல் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தேன். ஒரு வார்த்தை வங்காளம் தெரியாது. மாஸிமாவுக்கு நம் பேச்சு தெரியாது. நான்கு மாதம் அவர்களைச் சன்னல் இடுக்கில்தான் பார்த்தேன். சத்தமாய்ப் பேசுவார்கள்; சண்டை போடுகிறார்கள் என்று பயம். தைப்பொங்கல் அன்று கதவைத் திறந்தால், வாசற்படியில் ஒரு தட்டு. அவர்களுக்கு அன்றைக்குப் பௌஷ சங்கராந்தி. வெல்லமும் தேங்காயும் வைத்துப் பிட்டே செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கதவைத் தட்டவில்லை, கூப்பிடவும் இல்லை. அந்தத் தட்டில் நான் சர்க்கரைப் பொங்கல் வைத்து அவர்கள் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். பேச்சு அதற்கப்புறம் எத்தனையோ மாதம் கழித்து வந்தது ஐயா. உன் அப்பா ஒரு நாளும் என்னைப் பிடித்துக்கொண்டு போய் அவர்கள் முன்னால் நிறுத்தவில்லை.”

நாம் மறுமொழி கூறவில்லை. முன்கையில் மீனாட்சி இட்ட வடு இன்னும் மறையாதிருந்தது.

இவ்வாண்டுத் தைப்பொங்கலன்று மாஸிமாவின் தட்டு வழக்கம்போல் வந்தது; நம் தட்டும் சென்றது. பூசை முடிந்து திரும்பிப் பார்த்தபோது, கூடத்து வெயிலில் கருப்பன் உறங்கிக்கொண்டிருந்தான். அவனிடமிருந்து இரண்டு முழம் தள்ளி மீனாட்சி படுத்திருந்தாள். முதுகை அவன் பக்கம் திருப்பியிருந்தாள். நட்பு என்று அதைச் சொல்வதற்கில்லை. ஆனால் அஞ்சும் பிராணி அயலானுக்கு முதுகு காட்டாது.

அன்னையாரும் அதைக் கண்டார். உள்ளே சென்று, அதுவரை மகளோ மனைவியோ மட்டும் உணவிட்டுவந்த கருப்பனின் தட்டைத் தாமே எடுத்து வந்தார். அதில் சிறிதளவு பொங்கல் இருந்தது. வைக்குமுன் நின்று, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, விரலால் கிளறி உலர்ந்த திராட்சைகளை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி எடுத்தார்.

“இதுதானே அவனுக்கு ஆகாது என்று எழுதி ஒட்டியிருக்கிறீர்கள்?” என்று கேட்டுக்கொண்டே தட்டைத் தரையில் வைத்தார்.